பல் குற்றவாளியா, சாட்சியா? சென்னை மாகாணத்துப் புளோரைடு நோயும் செவித்திறன் இழப்பும்

கல்வெட்டுகளில் திருச்சோகினூர் என வழங்கப்பெற்ற திருச்சானூர், பழைய தொண்டை மண்டலத்தின் திருவேங்கடக் கோட்டத்தைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை அது வடஆர்க்காட்டின் ஒரு பகுதி. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அதனருகே ஓடும் சுவர்ணமுகி ஆறு காளத்தியைக் கடந்து, பழைய நெல்லூர் மாவட்டப் பகுதியின் வழியே கடலை அடைகிறது. இந்த ஆட்சி எல்லையும் நீர்வழியும் இங்கே நினைவூட்டப்படுவதற்குக் காரணம் உண்டு. பற்களின் நலத்துக்கும் செவித்திறனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்குத் தென்னிந்திய மருத்துவ வரலாறு தந்த கருதத்தக்க விடை, பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து வரவில்லை. நெல்லூர் மாவட்டத்து வறண்ட வட்டங்களின் கிணற்று நீரிலிருந்தும், அந்நீரை ஆராய்ந்த கிண்டி ஆய்வகத்திலிருந்தும் அது புறப்பட்டது.

கேள்வி பழையது. கடைவாய்ப் பல் வலித்தால் காதும் சேர்ந்து குடைவதை அறியாத வீடு இல்லை. கீழ்த்தாடையின் பற்களுக்குச் செல்லும் நரம்பும், காதுமடலின் முன்புறத்துக்கும் செவிக்குழாய்க்கும் செல்லும் நரம்பும் ஒரே பெருநரம்பின் கிளைகள். மூளை அவ்வலியின் பிறப்பிடத்தைப் பிரித்தறியத் தடுமாறுகிறது. ஆயினும் இது வலியின் இடமாற்றம் மட்டுமே. பல்வலியால் காது வலிக்கும் ஒருவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்க வேண்டுவதில்லை. பல் நோயால் செவிடு உண்டாகுமா என்பது வேறு வினா. இவ்விரண்டும் கலந்துவிட்டதே இத்துறையில் நேர்ந்த பல குழப்பங்களின் தொடக்கம்.

சுசுருத சங்கிதை செவி நோய்களை 28 என்றும், வாய் நோய்களை 65 என்றும் எண்ணித் தனித்தனியே வகுத்தது. தாடை மூட்டு நழுவுவதைப் பல் நோய்களின் வரிசையில் சேர்த்த அந்நூல், செவியைத் தனி உறுப்பாகவே நடத்தியது. மேலை நாடுகளில் பல்லும் செவியும் முதலில் சந்தித்தது நோயின் வழியாக அன்று, உதவியின் வழியாக. பற்களிடையே கவ்விய கோலொன்றின் வழியே ஒலியை உணரலாம் என்பதை 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவர் கார்டானோ எழுதிவைத்தார். 1879இல் சிக்காகோவைச் சேர்ந்த ரிச்சர்டு ரோட்ஸ் என்பவர் இதே கொள்கையில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விசிறி போன்ற ஒரு தகட்டின் விளிம்பை மேல்வாய்ப் பற்களில் அழுத்திப் பிடித்தால், காற்றில் வரும் ஒலியால் தகடு அதிரும். அவ்வதிர்வு பல், தாடை, மண்டையோடு ஆகியவற்றின் வழியே உள்செவியை எட்டும். நடுச்செவி பழுதுபட்டு உள்செவி நலமாக இருப்போர்க்கு அது பயன்பட்டது. உறுதியான மேல்பற்கள் இல்லாதவர்க்கு அக்கருவியால் பயன் குறைவு. பல் போனால் கேட்கும் வழி ஒன்றும் போகும் என்பது அன்று ஓர் எளிய இயற்பியல் செய்தி.

பல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது 20ஆம் நூற்றாண்டு. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1900இல், உடலின் பல நோய்களுக்கு வாயில் தேங்கும் சீழே மூலம் என வாதிட்டார். 1910இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அவர் ஆற்றிய உரை, பழுதுபட்ட வேர்களின்மேல் தங்கக் கவசம் பூட்டும் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடியது. சிக்காகோவில் பிராங்க் பில்லிங்ஸ் இக்கருத்தை ஒரு முறைமையாக வளர்த்தார். உடலின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் தொற்று, குருதியின் வழியே தொலைவிலுள்ள உறுப்பைத் தாக்குகிறது என்பதே 'தொற்றுக் குவியம்' என்னும் அக்கொள்கையின் சாரம். மூட்டுவலி, இதய நோய், சிறுநீரக நோய், மனநோய் என அதன் எல்லை விரிந்துகொண்டே போயிற்று. காரணம் புலப்படாத தலைசுற்றலும் காதிரைச்சலும் செவித்திறன் குறைவும் அதில் அடங்கின. நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரெண்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். பற்களோடு நில்லாமல் அடிநாக்குச் சதை, குடல் என அறுவை தொடர்ந்தபோது உயிர்களும் போயின.

இக்கொள்கை வீழ்ந்த விதம் அறிவியல் வரலாற்று மாணவர்க்கு முதன்மையானது. அதைத் தத்துவ வாதம் எதுவும் வீழ்த்தவில்லை, எண்ணிக்கை வீழ்த்தியது. 1938இல் சீசில், ஆஞ்செவின் என்னும் இருவர் 200 முடக்குவாத நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தனர். பல்லையும் அடிநாக்குச் சதையையும் நீக்கியதால் நோய் தீர்ந்ததாகச் சொல்ல அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. சீசில் அதற்கு முன்பு அக்கொள்கையை ஆதரித்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1940இல் வெளிவந்த ரைமன், ஹேவன்ஸ் இருவரின் திறனாய்வு அதன் மதிப்பை மேலும் குறைத்தது. அதற்குள் எத்தனை நலமான பற்கள் காரணமின்றிக் களையப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை.

அதே காலத்தில் செவி மருத்துவர் ஒருவர் வேறொரு பாதையில் பல்லிடம் வந்தார். செயின்ட் லூயி நகரத்து ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்கு வாய் அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது. தாடை எலும்பின் முனை பின்னோக்கி நகர்ந்து செவிக்கும் தொண்டைக்கும் இடைப்பட்ட குழாயையும் அருகிலுள்ள நரம்புகளையும் அழுத்துகிறது. அதனால் காதடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, தலைசுற்றல் ஆகியன தோன்றுகின்றன என்பது அவர் விளக்கம். பல் கட்டி வாயின் உயரத்தை மீட்பதே மருந்து. 1948இல் உடற்கூற்றியலாளர் ஹாரி சிக்கர், தாடை முனை அவ்வாறு நகர்ந்து அவ்வுறுப்புகளை அழுத்த உடலமைப்பு இடம்தராது என்று காட்டினார். விளக்கம் சரிந்தது; நோயாளிகளின் முறையீடு சரியவில்லை. தாடை மூட்டுக் கோளாறு உடையோர் காதடைப்பையும் இரைச்சலையும் பற்றிச் சொல்வது இன்றும் மருத்துவர்களுக்குப் பழக்கமான செய்தி. தாடைக்கும் செவிக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது என்பதையும் இடையில் சொல்லிவைக்கலாம். நடுச்செவியின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும், ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருந்த எலும்புகளின் வழிவந்தவை என்பதை 1837இல் ரைக்கர்ட் கருவளர்ச்சி ஆய்வின் துணையால் உணர்த்தினார்.

இவ்விரு கதைகளிலும் வாதம் ஒன்றே: பல்லில் கேடு, அதனால் செவியில் கேடு. சென்னை மாகாணத்தில் வெளிப்பட்ட செய்தி இந்த வாதத்தின் அமைப்பையே மாற்றியது.

நெல்லூர் மாவட்டத்தின் தர்சி, பொதிலி, கனிகிரி ஆகிய வறண்ட வட்டங்கள் 1970இல் உருவான பிரகாசம் மாவட்டத்தில் பின்னர்ச் சேர்ந்தன. அப்பகுதிகளில் பற்கள் பழுப்பேறி, குழி விழுந்து காணப்படுவது ஊரார்க்கு வியப்பான செய்தியன்று. நடுவயதில் முதுகு வளையாமல் விறைத்துப் போவோரும் அங்கு இருந்தனர். 1930களின் நடுவில் கால்நடைகளிலும் இத்தகைய நோய் பதிவு செய்யப்பட்டது. கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் ஹென்றி எட்வர்டு ஷார்ட். கருங்காய்ச்சல் ஆய்விலும், பின்னாளில் மலேரியா ஒட்டுண்ணியின் கல்லீரல் பருவத்தைக் கண்டறிந்ததிலும் பெயர் பெற்றவர். 1937இல் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகிய நால்வர் சென்னை மாகாணத்தின் புளோரைடு நோய் குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினர். சென்னைப் பொது மருத்துவமனையின் ஊடுகதிர் நிலையத்துக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற பர்னார்டின் பங்கு இதில் தனியே கவனிக்கத்தக்கது. அதுவரை முடக்குவாதம் என்று ஊகித்துவந்த விறைப்பு, எலும்புகளின் அடர்த்தி பெருகி, தசைநார்கள் சுண்ணமாகி, முள்ளந்தண்டு ஒரே கழிபோல் இறுகிய நிலை என்பதை ஊடுகதிர்ப் படங்கள் வெளிப்படுத்தின. முள்ளந்தண்டின் குழாய் குறுகியதால் நரம்புகள் நசுங்கிக் கைகால் முடங்குவதும் பதிவாயிற்று. அதே ஆண்டு ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டத்து நோயைத் தனியே விவரித்தனர்.

இதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே, அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் பல நாள் விளங்காதிருந்த பழுப்புப் பல்லுக்கு நீரிலுள்ள புளோரைடே காரணம் எனத் தெரியவந்திருந்தது. அங்கே அது பெரும்பாலும் பல்லோடு நின்ற செய்தி. அதன் ஆய்வு வளர்ந்து, குறைந்த அளவு புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்ற முடிவுக்குச் சென்றது. நெல்லூரின் கிணறுகள் அக்கதையின் மறுபாதியைச் சொல்லின. வெப்ப நாட்டில் நாள் முழுதும் வயலில் உழைத்து மிகுதியாக நீர் அருந்துவோரின் எலும்பில் ஆண்டுக்கணக்காகப் புளோரைடு படிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் அங்கிருந்து அறிந்தது. 1940இல் பண்டிட் குழுவினரின் விரிவான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. சத்தான உணவு, குறிப்பாக வைட்டமின் சி, குறைந்த மக்களிடம் எலும்பு நோய் கடுமையாக இருந்ததை அது சுட்டியது. ஒரே நீரைக் குடித்தவர்களிடையே வறுமை ஒரு கோடு கிழித்திருந்தது. இந்தப் பண்டிட்டே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

செவியின் கதை இங்கிருந்தே தொடங்குகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் நரம்புகள் வெளியேறும் துளைகள் குறுகலானவை. செவிநரம்பாகிய எட்டாம் மண்டை நரம்பு எலும்பினுள் ஒரு சிறு கால்வாய் வழியே செல்வது. முள்ளந்தண்டின் குழாயைக் குறுக்கும் எலும்புப் பெருக்கம் இக்கால்வாயையும் குறுக்கக்கூடும் என்பது இயல்பாக எழும் ஐயம். 1955இல் ஏ. எச். சித்திக்கி, ஐதராபாத்து மாநிலத்தின் நல்கொண்டா மாவட்டத்துப் புளோரைடு நோயைப் பிரித்தானிய மருத்துவ இதழில் விவரித்தார். 1962இல் ஏ. பி. என். ராவும் அவரும் இணைந்து, புளோரைடு நோயாளிகளின் எட்டாம் நரம்பு எவ்வாறு இயங்குகிறது என்பதையே பொருளாகக் கொண்ட கட்டுரையொன்றைத் தொண்டை, செவி மருத்துவத்துக்கான ஆங்கில இதழில் வெளியிட்டனர். 1963இல் அமர்ஜித் சிங், ஜாலி முதலியோர் பஞ்சாபின் நோயாளிகளை விரிவாக ஆராய்ந்தனர். பல் மருத்துவமும் செவி மருத்துவமும் தனித்தனிக் கட்டடங்களில் இயங்கிய காலத்தில், பழுப்புப் பல் கொண்ட ஓர் உழவரின் செவி ஆய்வுப்பொருளானது சிறிய நிகழ்வன்று.

இங்கே காரண வாதத்தின் அமைப்பை உற்றுநோக்க வேண்டும். ஹண்டரின் வாதத்தில் பல் நோயின் ஊற்று. காஸ்டனின் வாதத்தில் பல்லின் இழப்பு ஊற்று. நெல்லூர், நல்கொண்டா நோயாளிகளிடத்திலோ பல் செவிக்கு எத்தீங்கும் செய்யவில்லை. கிணற்று நீர் இரண்டையும் தாக்கியது. பல் முதலில் காட்டியது, செவி பின்னர் காட்டியது. பழுப்புப் பற்கள் அனைத்தையும் பிடுங்கியிருந்தாலும் ஒருவருக்கும் செவித்திறன் மீண்டிராது. இந்த நோயில் பல் சாட்சி மட்டுமே.

அதுவும் எத்தகைய சாட்சி! பற்சிப்பி உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ 8 வயதுக்குள், உட்கொண்ட புளோரைடு மட்டுமே அதில் கறையாகப் பதியும். வளர்ந்தபின் எவ்வளவு குடித்தாலும் முளைத்த பல்லின் சிப்பியில் அக்கறை தோன்றாது. ஒருமுறை பதிந்த கறை பின்னர் நல்ல நீரைக் குடித்தாலும் மறையாது. ஆகவே ஒருவரின் முன்பற்கள், அவர் பிறந்து வளர்ந்த ஊரின் கிணற்றைப் பற்றிய ஆவணம். வளர்ந்தபின் இக்கிணறுகளுள்ள ஊருக்கு மணமுடித்து வந்த பெண்ணின் பல் வெண்மையாகவே இருக்க, எலும்பு மட்டும் நோய்ப்படலாம். குழந்தையில் அங்கே வளர்ந்து நகரம் சென்றவரின் பல் கறைபட்டிருக்க, எலும்பு தப்பியிருக்கலாம். பல்லை மட்டும் பார்த்துச் செவியைப் பற்றி முடிவு கட்டுவது தவறாகும் இடம் இதுதான். ஓர் ஆவணத்தை அது எழுதப்பட்ட காலத்தோடு பொருத்திப் படிக்க வேண்டும் என்னும் வரலாற்றாளரின் பாடம் பல்லுக்கும் பொருந்தும்.

இக்கதையில் ஒரு முரணும் உண்டு. நல்கொண்டாக் கட்டுரை வெளிவந்த ஈராண்டில், அதாவது 1964இல், சிக்காகோவின் புகழ்பெற்ற செவி அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஷாம்பாவும் ஸ்காட்டும், நடுச்செவி எலும்பு இறுகிக் கேட்கும் திறன் குறையும் நோய்க்குச் சோடியம் புளோரைடை மருந்தாக முன்மொழிந்தனர். எலும்பை அடர்த்தியாக்கும் அதே பண்பு, செவியில் மென்மையடைந்து பரவும் நோய் எலும்பை நிறுத்திவைக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஐதராபாத்தில் செவிக்கு ஆகாதோ என ஐயுறப்பட்ட பொருள் சிக்காகோவில் செவியைக் காக்கும் மருந்தாயிற்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலும். அளவும் காலமும் எலும்பின் நிலையும் வேறு. ஆனால் நல்கொண்டாவின் கட்டுரை ஒரு நோயின் ஓரக்குறிப்பாக ஒதுங்கியதற்கும் சிக்காகோவின் கட்டுரை பல பத்தாண்டு விவாதத்தைத் தொடங்கிவைத்ததற்கும் சான்றின் வலிமை மட்டுமே காரணம் என்று கொள்வது கடினம். ஒருபுறம் காது கேட்கவில்லை என மருத்துவரைத் தேடிச்சென்ற நோயாளிகள். மறுபுறம், முதுகு நிமிராததையே முறையிட்டு, காது மந்தமானதை முதுமையின் கணக்கில் எழுதிக்கொண்ட உழவர்கள். செவித்திறனை அளக்கும் கருவி நகரத்து மருத்துவமனையில் இருந்தது. கிணறு ஊரில் இருந்தது.

பல்லின் கறைக்கு ஊர்களில் கிடைத்த கவனமும் வேறு வகையினது. அது அழகுக் குறையாக, மணப்பேச்சுக்கு இடையூறாகப் பார்க்கப்பட்டது. அரசின் ஆவணங்களிலும் எலும்பு முடங்கிய பின்னரே அது நோயெனப் பெயர் பெற்றது. நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து புளோரைடை வடிக்கும் முறையை 1970களில் நிலைபெறச் செய்தபோது, அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர் வழங்கியது. ஒரு மாவட்டத்தின் நோய், உலகின் நீர்ப்பொறியியல் நூல்களில் ஒரு தீர்வின் பெயராக நிலைத்துவிட்டது. தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலையும் இதுவே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தன் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பைச் சேர்த்துக்கொண்டு 2013இல் செயற்பாட்டுக்கு வந்தது.

அண்மைக் காலத்தில் பழைய கேள்வி புதிய உருவில் திரும்பியுள்ளது. ஈறு நோய் உடையோர்க்குச் செவித்திறன் இழப்பு மிகுதியாகக் காணப்படுவதாகத் தைவான் முதலிய நாடுகளின் பெருந்திரள் மருத்துவத் தரவுகளை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். பாஸ்டன் பகுதியின் முன்னாள் படைவீரர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் தரவிலிருந்து, பல் இழப்புக்கும் முதுமையில் செவி மந்தமாவதற்கும் தொடர்பு காட்டும் கட்டுரை 2001இல் வந்தது. ஈற்றின் அழற்சி குருதிக்குழாய்களைப் பாதிக்கிறது, உள்செவிக்குக் குருதி தரும் தமனி மிக மெல்லியது, ஆகவே அது எளிதில் கெடுகிறது என்ற விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. பொருத்தமாகத் தோன்றுவதே ஹண்டரின் காலத்திலும் இடர் விளைத்தது. புகையிலை ஈற்றையும் கெடுக்கும், செவியையும் கெடுக்கும். நீரிழிவும் அவ்வாறே. வறுமை பல் மருத்துவரையும் எட்டவிடாது, இரைச்சல் மிக்க தொழிற்கூடத்தையும் விலக்கவிடாது. முதுமை எல்லாவற்றோடும் வரும். இத்தரவுகளில் ஈறு ஊற்றா, நெல்லூர்ப் பல்லைப் போல் சாட்சியா என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை. ஈறு நோயை ஆற்றினால் செவி இழப்பு குறைகிறதா என்று நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் நெடுங்காலச் சோதனையே இதற்கு விடை தரும். ஈறு நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள இவ்விடை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது வேறு செய்தி. பல்லைக் காப்பாற்றுவதற்குப் பல்லே போதுமான காரணம்.

புளோரைடு நோயைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 2008-09இல் தொடங்கப்பட்டபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் நெல்லூரும் ஒன்று. பள்ளிக் குழந்தைகளின் பற்களைப் பார்த்துக் கறையைப் பதிவதும், குடிநீரையும் சிறுநீரையும் சோதிப்பதும் அதன் அடிப்படைப் பணிகள். செவித்திறன் இழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் அதற்கு ஈராண்டு முன்னர், 2006-07இல் தொடங்கப்பட்டது. முன்னது நீரையும் பல்லையும் எலும்பையும் கணக்கிடுகிறது. பின்னது காதுச்சீழையும் பிறவிச் செவிடையும் முதுமைச் செவிடையும் கணக்கிடுகிறது. திட்டங்களும் இரண்டு, பதிவேடுகளும் இரண்டு. 1937இல் கிண்டிக்கு வந்த செய்தியின் ஒரு பாதி ஒன்றிலும், மறுபாதி மற்றொன்றிலும் எழுதப்பட்டு வருகின்றன.